பாலம் இறங்கவில்லை

பாலம் இறங்கவில்லை என்பதுதான் புகார்.
பதினெட்டு மீட்டர் ஆழத்து மணலில் கால் ஊன்றி
கட்டிய நாளில் நின்ற உயரத்திலேயே நிற்கிறது.
இருபுறமும் கரை மட்டும்
ஆண்டுக்கு ஒரு விரற்கடை
சத்தமில்லாமல் கீழே போகிறது.

ஃப்ரீஸ்லாந்தில் மண் என்று சொல்வது மண்ணே இல்லை.
மக்க நேரம் கிடைக்காத நாணல், பாசி,
மீதி தண்ணீர்.
குதிகாலால் ஓங்கி மிதித்தால்
பத்தடி தள்ளி நிற்கும் வாத்து திரும்பிப் பார்க்கும்.

இரவு ஒன்று இருபதுக்குப் பாதையை எங்களிடம் தருவார்கள்,
நாலு ஐம்பதுக்குத் திருப்பித் தர வேண்டும்.
நான், வீபே, போன மாதம் சேர்ந்த பொகுமில்.
தலைவிளக்கின் கீழே தண்டவாளம்
நூல் பிடித்த மாதிரி.
மட்டம் வைத்தால் குமிழி நடுவில்.
"ஒன்றும் இல்லையே" என்கிறார் பொகுமில்.

ரயில் இல்லாத நேரத்தில் தண்டவாளம்
எதையும் ஒப்புக்கொள்ளாது.

பாலத்திலிருந்து ஆறாவது கட்டை.
அதன் அடியில் தகட்டை நுழைக்கிறேன்.
கதவிடுக்கில் கடிதம் போவதுபோல்
போய்க்கொண்டே இருக்கிறது.
தாங்க வேண்டிய கட்டை
தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்குகிறது,
நான்கு மில்லிமீட்டர் காற்றின் மேல்.
சக்கரம் வரும்போது அதுவும் சேர்ந்து விழும்,
ஜல்லி மாவாகும்,
அடுத்த சக்கரம் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் விழும்,
விழுந்த வேகத்தில் பாலத்தின் விளிம்பில் முட்டி ஏறும்.
பொகுமில் குனிந்து
தன் சுண்டுவிரலை அந்த இடைவெளியில் வைத்துப் பார்க்கிறார்.
நுனி நகம்தான் போகிறது. எடுத்துக்கொள்கிறார்.

மூன்று வருடம் இதற்கு ஒரே மருந்து வைத்திருந்தோம்.
மஞ்சள் இயந்திரம் வரும்,
இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி அதக்கும்,
கட்டை நிமிரும், நாங்கள் கையெழுத்துப் போடுவோம்.
பத்து வாரம்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஃபோகெலின் இருக்கிறாள்,
மருத்துவமனையில் இரவுத் தாதி.
பகலில் தூங்குகிறவள்; தூங்க முயல்கிறவள்.
சமையலறை அலமாரியில் எத்தனை கண்ணாடிக் கோப்பைகள் ஒலித்தன என்று
கோடுபோட்ட நோட்டில் எழுதி அனுப்பியிருந்தாள்:
ஜூன், மூன்று.
ஆகஸ்ட், ஏழு, ஒன்றில் கீறல்.
செப்டம்பர் பத்தொன்பது, நீங்கள் வந்தீர்கள், எதுவும் பேசவில்லை.
நவம்பர் கடைசி, மறுபடி மூன்று.
அளவை வண்டி வரைந்த கோட்டின் பக்கத்தில்
அந்த நோட்டை வைத்துப் பார்த்தோம்.
ஏறியபோது ஏறி, இறங்கியபோது இறங்கியிருந்தது.
கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

கரையை எப்படிக் கெட்டியாக்குவது என்றே
எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
வீபே காப்பியை ஊதிக்கொண்டே கேட்டான்:
பாலத்தைக் கொஞ்சம் இளக்கினால் என்ன?

அந்த வசந்தத்தில் நான்கு இரவுகள்.
பாலத்துக் கட்டைகளின் வயிற்றில் ரப்பர் மெத்தை ஒட்டினோம்.
கரையில் ஜல்லியைக் கீழ்வரை தோண்டி
வலை விரித்து மறுபடி கொட்டினோம்.
பாலத்தை நெருங்க நெருங்க
ஒவ்வொரு கட்டையும் முந்தையதைவிட ஒரு சாண் நீளம்.
தண்டவாளங்களின் நடுவே இன்னும் இரண்டு தண்டவாளம்,
எந்தச் சக்கரமும் தொடாதவை,
சும்மா கூடப் படுத்திருக்க.
ஓரிடத்தில் விழ வேண்டியதை
இருபது மீட்டருக்குப் பங்குபோட்டோம், அவ்வளவே.
கரை இன்னும் இறங்குகிறது.
நாணலிடம் யார் போய்ப் பேசுவது?

அக்டோபரில் ஃபோகெலினின் கடிதம்:
கோப்பைகள் வாயைத் திறப்பதில்லை. நன்றி.
ஆனால் மாலை ஐந்தே முக்கால் ரயில்தான்
இத்தனை நாள் என்னை எழுப்பியது.
நேற்று வேலைக்கு நாற்பது நிமிடம் தாமதம்.
இதற்கு ஏதாவது படிவம் இருக்கிறதா?

வீபே அதைச் சுவரில் ஒட்டிவைத்தான்.

இன்றிரவு ஆறாவது கட்டையில் தகடு நுழையவில்லை.
ஏழு, எட்டு, ஒன்பது, இல்லை.
பதினாலாவதில், இடது மூலையில்,
நுனி மட்டும் போய் நின்றது.
அரை மில்லிமீட்டர் இருக்கும்.
பொகுமில் விளக்கைப் பிடிக்க
தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.